முதல் பெயர் சொக்கநாதன்

எனக்கு பேங்க் என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் மேடம். ஃபேன் நன்றாக ஓடும். எல்லோரும் சத்தமில்லாமல் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் வாய் ஓயாத ஆம்பளைகள்கூட அங்கே வந்தால் கையைக் கட்டிக்கொள்வார்கள். உங்கள் ஸ்டேஷனும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது, ஃபேன் மட்டும் கொஞ்சம் கத்துகிறது. காபிக்கு நன்றி. சர்க்கரை சரியாக இருந்தது.

நீங்கள் என்னை எழுதித் தரச் சொல்வது ஒரே ஒரு வரி. "என் கணவர் சொக்கநாதன் உயிருடன் இருக்கிறார்." அதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. உயிரோடுதான் இருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஏட்டையாவிடம் மணி கேட்டுக்கொண்டிருக்கிறார், காதில் விழுகிறதா? தலைக்கு மேலே கடிகாரம் தொங்குவது அவருக்குத் தெரியவில்லை. ஒரு கண் போய்விட்டது. மற்றதையும் சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. பாவம்தான். ஆனால் நான் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் உயிரோடு வருவதோடு நிற்க மாட்டார். என் அப்பளக் கம்பெனியின் ஒவ்வொரு கணக்கிலும் முதல் பெயராக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அதனால்தான் போடுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் சின்னவராக இருந்தாலும் படித்தவர். நியாயம் உங்களுக்கே தெரியும்.

என்னுடைய முதல் கணக்கு நாலாம் வகுப்பில் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் திங்கட்கிழமைதோறும் காசு வாங்கிச் சின்ன அட்டையில் குறித்துக் கொடுப்பார். மிட்டாய்க்குக் கொடுத்த காசையெல்லாம் நான் அதில் போட்டேன். அட்டையின் மேலே "அகிலாண்டம்" என்று டீச்சர் தன் கையால் எழுதியிருந்தார். எனக்கு முன்னாலும் பின்னாலும் வேறு யார் பெயரும் கிடையாது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்து அண்ணனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அந்த சைக்கிளில் அண்ணன் என்னை ஒரு நாள்கூட ஏற்றியதில்லை. நான் கோபப்படவில்லை. சில பேருக்குப் பணம் சேர்க்கத் தெரியும், சில பேருக்கு எடுக்கத் தெரியும்.

இரண்டாவது, கல்யாணமான புதிதில் திறந்தது. மில்லில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், நல்ல வேட்டி கட்டி என்னை பேங்குக்குக் கூட்டிப் போனார். அது ஜாயின்ட் கணக்கு. முதல் பெயர் சொக்கநாதன், இரண்டாம் பெயர் அகிலாண்டம். யார் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்று கேட்டிருந்த இடத்தில், இரண்டு பேரில் ஒருத்தர் போட்டால் போதும் என்பதை அடித்துவிட்டு, இருவரும் சேர்ந்துதான் போட வேண்டும் என்று டிக் அடித்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. புதுசு அல்லவா, எல்லாவற்றையும் சேர்ந்தே செய்யலாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் போஸ்ட் ஆபீஸ், கூட்டுறவு வங்கி, நகை அடகு வைக்கிற வங்கி என்று எத்தனையோ திறந்தோம். எல்லாவற்றிலும் அதே வரிசைதான். மில்லை மூடினார்கள். அவர் மட்டும் வீட்டில் டைம் கீப்பராகவே இருந்தார். நான் அப்பளம் தேய்க்க ஆரம்பித்தேன். முதலில் அடுத்தவர்களுக்குக் கூலிக்கு, அப்புறம் சொந்தமாக. சமயநல்லூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஷெட் போட்டு, அன்னக்கொடி, முத்துமீனா என்று நாலைந்து பெண்களை வைத்துக் கம்பெனி தொடங்கினேன். பாக்கெட்டில் என்ன பெயர் போடுவது என்று ஒரு வாரம் யோசித்து அவரே "சொக்கநாதன் அப்பளம்" என்று வைத்தார். மீசையோடு அவர் படமும் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் அவர்தான் உளுந்து அரைத்து உருட்டிக் காய வைத்த மாதிரி இருக்கும்.

எனக்கென்று தனியாக ஒரே ஒரு கணக்கு அவர் திறந்து கொடுத்தார். சர்க்கார் எல்லோருக்கும் பைசா கட்டாமல் கணக்குத் தொடங்கித் தந்தார்களே, அது. "ஜீரோ பேலன்ஸ்னு சொல்லிருக்கான்ல. அதுல காசு போட்டா தப்பாயிரும்" என்று கடைசிவரை ஜீரோவாகவே காப்பாற்றினார். சொன்ன சொல் தவறாத மனுஷன்.

இப்போது கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பணம் என்னுடையது, எடுக்க அவர் கையெழுத்து வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. காலையில் குளிக்காமல் போட மாட்டார். குளித்தபின் பேப்பர் படிக்க வேண்டும். அப்புறம் ராகுகாலம், எமகண்டம் பார்ப்பார். அஷ்டமி, நவமி, கரிநாள் என்றால் பேனாவையே தொட மாட்டார். மிச்சமிருக்கிற நேரத்தில் தூங்குவார். எல்லாம் கூடி வந்து உட்கார்ந்தாலும், பணம் எடுக்கிற சீட்டைக் கையில் வாங்கிச் சத்தமாகப் படிப்பார். "எதுக்கு இம்புட்டு?" என்பார். உளுந்துக்கு என்பேன். "உளுந்துக்கு இம்புட்டா?" என்பார். அவர் வாங்கி உறிஞ்சுகிற மூக்குப்பொடி மட்டையிலிருந்து எல்லாம் அந்தப் பணம்தான், ஆனாலும் நான் பிச்சைக்காரி மாதிரி நிற்பேன். அப்புறம் ஜிலேபி பிழிவது போல ஒரு கையெழுத்துப் போடுவார். அது எந்த நாளும் ஒரே மாதிரி இருக்காது. பேங்கில் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி வீட்டுக்கு வருவேன். அதற்குள் நவமி வந்துவிடும்.

அவர் என்னை அடிக்கவில்லை, குடிக்கவில்லை, அடுத்த வீட்டு வாசலை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனுஷன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பளம் தேய்க்கிற மெஷின் ஒன்று விலைக்கு வந்தது. பழசுதான், ஆனால் ஓடுகிற மெஷின். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறொருத்தன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். முதல் நாள் ராத்திரி வரை கெஞ்சிப் பார்த்தேன். "மெஷின் வந்தா கை தேய்ச்ச ருசி போயிரும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார், ஒரு நாள் அப்பளக் கட்டையைக் கையால் தொட்டிருப்பாரா என்றால் கிடையாது. நான் என் கையெழுத்தை மட்டும் போட்ட சீட்டோடு பேங்குக்குப் போனேன். கெஞ்சிக் கேட்டால் தருவார்களோ என்று ஒரு நப்பாசை.

அன்றைக்கு எனக்கு நெற்றியில் பொட்டு இல்லை. ஸ்டிக்கர் பொட்டுப் பசை ஒத்துக்கொள்ளாமல் புண்ணாகி, தோல் டாக்டர் ஒரு மாசம் எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார். தலையில் பூவும் இல்லை. பனிக்காலம், மாட்டுத்தாவணியில் மல்லிகை விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தாலியைத் திருட்டுப் பயத்தில் ஜாக்கெட்டுக்குள் விட்டிருந்தேன். இது மூன்றும் சேர்ந்து அமைந்தது நான் திட்டம் போட்டு இல்லை.

கவுன்டரில் ஹரிநாராயணன் சார் இருந்தார். இருபது வருஷமாக என் முகத்தைப் பார்க்காமலே சீட்டைத் திருப்பித் தருகிறவர். அன்று சீட்டில் ஒற்றைக் கையெழுத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கி என் நெற்றியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அடடா. சார் தவறிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கக் கூடாதாம்மா? மொதல்ல உக்காருங்க. யாருப்பா அங்க, அம்மாவுக்குத் தண்ணி கொண்டா."

இல்லை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலி வந்துவிட்டது. பேங்கில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை மேடம். உட்கார்ந்தேன். தண்ணீர் வந்தது, ஜில்லென்று இருந்தது. அவர் குரலை இறக்கிக்கொண்டு, "இனிமே அலைய வேணாம்மா. டெத் சர்டிபிகேட் மட்டும் கொண்டாந்து குடுங்க. கணக்க உங்க ஒருத்தர் பேருக்கே மாத்திருவேன். ஒரு கையெழுத்து போதும்" என்றார்.

ஒரு கையெழுத்து போதும் என்று என் ஆயுசில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெஷின்காரனுக்கு போன் போட்டு, "அம்மா துக்கத்துல இருக்காங்க, ஒரு வாரம் பொறுத்துக்கோ" என்று அவரே சொல்லி வைத்தார்.

அப்போதும் நான் உடனே எதுவும் செய்துவிடவில்லை. வீட்டுக்குப் போய் அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சீட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்து, "ஒரு கையெழுத்துப் போட்டுருங்களேன்" என்றேன்.

"இன்னைக்கு நவமி. அதோட சாம்பார்ல உப்புக் கூட."

அன்று மட்டும் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றுவரை உயிரோடு இருந்திருப்பார்.

தாலுகா ஆபீஸ் வாசலில் சிவபாண்டி என்று ஒரு பையன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். எந்தச் சான்றிதழும் வாங்கித் தருவான் என்று பேர். இப்போது கடை இல்லை, எங்கே போனான் என்றும் எனக்குத் தெரியாது. மெய்யாகவே தெரியாது.

"யக்கா, பொறப்பு சர்டிபிகேட்னா அலைய விடுவாய்ங்க. எறப்பு கையோட வாங்கிரலாம்" என்றான். "எங்க வச்சு எறந்தாரு?"

"திருவாதவூர். அவுகளுக்குச் சொந்த ஊரு."

"எப்புடி?"

"தூக்கத்துல. மாரடைப்பு."

"குடுத்து வச்ச மனுசன்" என்றான். "தேதி?"

அதில்தான் கொஞ்சம் யோசித்தேன். ஏனோதானோவென்று ஒரு தேதியைச் சொல்ல மனசு வரவில்லை, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர். வைகுண்ட ஏகாதசி போடச் சொன்னேன். அவர் சைவர்தான். இருந்தாலும் சொர்க்கவாசல் திறந்திருக்கிற நாளில் போகட்டுமே, அவருக்காக நான் தட்டித் திறக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மெஷின் வந்தது. ஒரு கணக்கு மாறியதும் மற்றதெல்லாம் தானாக நடந்தது. ஒரு இடத்தில் இறந்தவர் இன்னொரு இடத்தில் உயிரோடு இருந்தால் குழப்பம் வருமல்லவா? போஸ்ட் ஆபீஸில் இறந்தார். கூட்டுறவு வங்கியில் இறந்தார். நகைக் கடன் வங்கியில் இறந்தபோது மேனேஜர் எழுந்து நின்றார். அவருடைய இன்சூரன்ஸ் பணத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று ஹரிநாராயணன் சார் வற்புறுத்தினார். விதவைப் பென்ஷனுக்கும் சொன்னார். இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன். செத்தவர் பேரைச் சொல்லிக் காசு வாங்குவது பாவம். என் பணத்தை மட்டும்தான் எடுத்தேன், எத்தனை கணக்கை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள்.

பேங்குக்குப் போகிற நாளில் மட்டும் கொஞ்சம் சிரமம். புண் ஆறிப் பொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸில் பேங்க் ஸ்டாப் வருவதற்கு முன்னால் பொட்டை எடுத்துக் கைப்பையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வேன். பூவைக் கழற்றிப் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பேன். திரும்பும்போது பொட்டை மறுபடி வைத்துக்கொள்வேன். போகையில் விதவை, வருகையில் சுமங்கலி. சமயநல்லூர் வழியாகப் போகிற கண்டக்டர் ஒருவர், பூவை ஏனம்மா தானம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். வேண்டுதல் என்றேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. "பாஸ்புக்ல என்ட்ரி போட்டாந்தியா?" என்று கேட்பார்.

"சர்வர் டவுனாம்."

"எப்பச் சரியாகும்?"

"மேல இருந்து வரணுமாம்."

அத்தோடு விட்டுவிடுவார். நாலு வருஷம் ஒரே பதில் மேடம். உளுந்துக்கு இம்புட்டா என்று கேட்டவர், சர்வருக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துக் கேட்டு நான் வராததைக்கூட அவர் தப்பாக நினைக்கவில்லை. "இப்பத்தான் சிக்கனமா இருக்கப் பழகிருக்க" என்று பாராட்டினார்.

தேர்தல் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுப் போடப் போனார். பெயர் நீக்கப்பட்டிருந்தது. இன்றோடு மாட்டிக்கொண்டேன் என்றுதான் நான் நினைத்தேன், ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "என் ஒரு ஓட்டுக்கு அம்புட்டுப் பயந்திருக்காய்ங்க. திட்டம் போட்டுத் தூக்கிருக்காய்ங்க" என்று தெரு முழுக்கச் சொன்னார். நாலு பேர் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவைதான் தப்பித்தது தம்பிரான் புண்ணியம். ஹரிநாராயணன் சார் ஏதோ புதுத் திட்டம் பற்றிச் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அவசரமாக முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள், கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். அப்பளப் பாக்கெட்டில் இருக்கிற அதே மீசை.

"அவுகளோட அண்ணன்" என்றேன்.

"அதானே பாத்தேன். அச்சு அசல் அப்படியே" என்றவர், கையைக் கூப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் போனார். "தம்பி இப்படிப் பாதியில போயிட்டாரே சார். நல்ல மனுஷன்."

எங்கள் வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே ஒரு தம்பி இருந்து செத்துப் போயிருந்தான். மேலூர் பக்கம் லாரி ஓட்டியவன். அதைத்தான் துக்கம் விசாரிக்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

"நல்ல மனுசனா? குடிச்சே செத்தான் சார். ரெண்டு பொண்டாட்டி வேற."

ஹரிநாராயணன் சார் முகத்தில் ஈயாடவில்லை. வாசல் வரை வந்து என்னைப் பார்த்தார். "இவ்வளவு கஷ்டத்தை மனசுல வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்லையேம்மா" என்றார். அதற்கப்புறம் நான் போனால் டீயும் வாங்கித் தருவார்.

சரி, கண்ணுக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்குப் பேப்பர் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. புரை. நான் படித்துக் காட்டினேன். முதலில் தலைப்பு, அப்புறம் உள்ளே. கொலை கொள்ளையை விட்டுவிட்டு நல்ல சேதியாகப் படிப்பேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் உப்புக் கூட, குறைச்சல் என்று சொல்லாமல் சாப்பிடுவார். பாத்ரூமுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு போவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அவர் செத்த பிறகு வந்ததுதான்.

ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் கேட்டார், நான் மறைக்கவில்லை. "கண்ணு மட்டும் தெளிஞ்சிரட்டும். மொத வேலையா பேங்குக்குப் போயி நானே எல்லா பாஸ்புக்கையும் பாத்துட்டு வாரேன். நீயும் எம்புட்டுத்தான் அலைவ" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் சர்க்கார் இன்சூரன்ஸ் கார்டு இருந்தால்தானே ஆபரேஷன்? கார்டில் பெயர் வேண்டுமென்றால் ரேஷன் கார்டில் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இறந்தவருக்கு எந்த ஆஸ்பத்திரியில் கண்ணைக் கிழிப்பார்கள், சொல்லுங்கள். கார்டு வரட்டும், கார்டு வரட்டும் என்றேன். அவரும் காத்திருந்தார். அவர் தலைவலி என்று சொன்னபோதெல்லாம் சுக்குப் பற்றுப் போட்டேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டிருக்கிறேன். அது புரை முற்றி அழுத்தம் ஏறின வலி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்பளக்காரி.

நேற்று நான் டவுனுக்குச் சரக்குப் போடப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு நஜீம் ஆட்டோ ஓட்டுகிற பிள்ளை, தங்கமானவன். இவர் வலி பொறுக்க மாட்டாமல் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். "என்ன பெரியவரே, முகமெல்லாம் வீங்கிக் கெடக்கு" என்று நஜீம் அப்படியே ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்து, இடது கண் நரம்பு செத்துவிட்டது, வலதையாவது காப்பாற்றலாம், உடனே வந்து சேருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வருகிற வழியில் பேங்கைத் தாண்டும்போது, "மாப்ள, ஒரு நிமிசம் நிறுத்து. சர்வர் சரியாயிருச்சான்னு கேட்டுட்டு வந்துர்றேன்" என்றாராம். நஜீம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்கிறான்.

ஹரிநாராயணன் சார் எழுந்து நின்று, "வாங்க, அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் பெயரைச் சொல்லிப் பாஸ்புக் கேட்டிருக்கிறார்.

"தம்பியோட பாஸ்புக்கா?"

"எவன்யா தம்பி? நான்தான் சொக்கநாதன்."

"சொக்கநாதன் சார் காலமாயி நாலு வருஷமாச்சே."

"அப்ப நான் யாருடா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டபோது வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். நஜீம்தான் சொன்னான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஹரிநாராயணன் சார் என்னை நினைத்து ரொம்ப வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து மனசு இளகியது ஒரு குற்றமா?

ஏன் மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

ஷெட்டில் வேலை பார்க்கிற அன்னக்கொடி சொல்லிவிட்டாளா. சரி. அவள் நல்ல பெண்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

மதுரையில் கண் ஆபரேஷனுக்குக் கார்டு வேண்டாம் என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். ரோட்டோரத்தில் படுத்திருக்கிறவருக்குக்கூடத் தெரியும். இலவச முகாம் வேன் ஊர் ஊராக வருகிறது. பார்த்து, கூட்டிப் போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, கண்ணாடியும் கொடுத்துக் கொண்டுவந்து விடுகிறார்கள். பெயரைச் சொன்னால் போதும். எங்கள் தெருவுக்கும் வந்தது. ஆமாம், இரண்டு தடவை. முதல் தடவை ஒரு சின்னப் பெண் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "வீட்ல கண்ணு தெரியாத பெரியவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அதைப் பொய் என்று எழுத வேண்டாம். சர்க்கார் ரெக்கார்டில் இருந்ததைத்தான் சொன்னேன்.

இரண்டாவது தடவை அன்னக்கொடி பக்கத்தில் நின்றாள். "யக்கா, அண்ணன ஏத்தி விட்ருவோமே" என்றாள். நீ போய் மாவைப் பார் என்றேன். அவர் உள்ளே கட்டிலில்தான் இருந்தார். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டு யார் என்று கேட்டார். உளுந்து வண்டி என்றேன்.

பாஸ்புக்கைப் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கேஸுக்கு அது சரியாக இருக்கும். ஆனால் அது மட்டும் காரணமில்லை. நாற்பது வருஷமாக அவர் என்னை "ஏய்" என்றோ "இந்தா" என்றோதான் கூப்பிட்டார். கண் தெரிகிறவருக்கு அது போதும், முகத்தைப் பார்த்தே வேலை சொல்லிவிடலாம். பார்வை மங்கிய பிறகு நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "அகிலாண்டம்" என்று கூப்பிட்டார். நான் அடுப்படியில் பதில் சொல்லாமல் நின்றேன். மறுபடி "அகிலாண்டம், இருக்கியா?" என்றார். நாலாம் வகுப்பு டீச்சருக்கு அப்புறம் என் பெயரை அவ்வளவு முழுசாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வேனில் ஏற்றி அனுப்பியிருந்தால் கண் வந்துவிடும். ஏய் என்பதும் கூடவே வந்துவிடும்.

அதற்கு ஒரு கண் ரொம்ப அதிகம் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அதிகம்தான் மேடம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் வரவெல்லாம் அவர் பேரில்தான் இருந்தது. நஷ்டமும் அவர் பேரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.